நொட்டை அண்ணன் எழுதாமல் வைத்திருந்த வரி

இது சத்தியமாக நடந்த கதை. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை.

சரி, அப்படி முறைக்காதீர்கள். கொஞ்சம் இழுத்திருக்கிறேன். ஒரு முழம் இருந்த இடத்தில் ஒன்றரை முழம் இருக்கும், அவ்வளவுதான். அடையாளம் சொல்லிவிடுகிறேன்: சிரிப்பு வருகிற இடமெல்லாம் நான் இழுத்தது. சிரிப்பு வராத இடத்தில் நான் கையே வைக்கவில்லை.

காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். நாம் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்புகிற இந்தச் சின்னக் கத்திக்கு, விரல் நீள அலகுக்கு, எதற்கு உலக்கை மாதிரி ஒரு பிடி, அலகு தொடங்குகிற இடத்தில் எதற்கு ஒரு வளையம் என்று. நொட்டை அண்ணன் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் சொல்லிவிடுகிறேன், டீயை ஆறவிடாமல் கேளுங்கள்.

நொட்டை என்பது அவருடைய பெயர் இல்லை, பட்டம். எதைக் கையில் கொடுத்தாலும் ஒரு நொட்டை சொல்லாமல் வாங்க மாட்டார். தொட்டிலில் கிடந்தபோதே இடது பக்கக் கயிறு ஒரு நூல் அளவு நீளம் அதிகம் என்று மூன்று நாள் அழுத பிள்ளை. மழை பெய்தால் சாய்ந்து பெய்கிறது என்பார். கல்யாணத்தன்று எல்லாரும் பெண்ணைப் பார்த்தார்கள். இவர் பெண் உட்கார்ந்திருந்த நாற்காலியின் பின்னங்காலைப் பார்த்தார். ஆடுகிறது. உடனே தரையில் உட்கார்ந்து, ஒரு அட்டையை மடித்து முட்டுக்கொடுத்தார். அண்ணி, அதாவது அவர் சம்சாரம், வாழ்நாள் முழுக்க இதைச் சொல்லிச் சிரிப்பார்: “முதல் நாளே என் காலடியில வந்து உக்காந்தாரு. ஆகா, எனக்காகத்தான்னு நெனச்சேன். நாற்காலிக்காக!”

இப்படிப்பட்ட ஆளுக்கு உலகத்தில் எங்கே வேலை கிடைக்கும்? நம் முதலாளி ஒருத்தர்தான் கூப்பிட்டார். “எல்லாரும் உன்னை வாயை மூடச் சொல்றாங்க. இங்க வந்து திறந்து வை” என்றார். அன்றிலிருந்து அவருக்குக் கத்தி சோதிக்கிற வேலை.

நம் பட்டறை வழக்கம் உங்களுக்குத் தெரியும். புது மாதிரிக் கத்தி என்றால் முதலில் ஒன்றே ஒன்று செய்வோம். அது நாற்பது நாள் நொட்டை அண்ணன் இடுப்பில் இருக்கும். பகலில் இங்கே அவர் கை, வீட்டில் அண்ணி கை. “உழைச்சுக் காய்ச்சுப்போன கை ஒண்ணு, அடுப்படிக் கை ஒண்ணு. ரெண்டுக்கும் அடங்கினாத்தான் அது கத்தி” என்பது முதலாளி வைத்த சட்டம். நாற்பதாம் நாள் சீட்டு எழுத வேண்டும். அலகு எப்படி, பிடி எப்படி, உறை எப்படி. முதல் கை என்ன சொல்கிறது, இரண்டாம் கை, அதாவது அண்ணி கை, என்ன சொல்கிறது. கடைசி இரண்டு வரியிலும் ‘சரி’ என்று விழுந்தால்தான் உலை பற்றவைப்போம்.

பிடி செய்வதிலும் ஒரு முறை உண்டு. பச்சைக் களிமண்ணைக் கையில் கொடுத்து இறுக்கச் சொல்லி, விரல் பதிந்த மண்ணைச் சுட்டு வைத்திருக்கிறோம். அதோ அந்தத் தட்டில் இருக்கிறதே, பெரியது நொட்டை அண்ணன் கை, சின்னது அண்ணி கை. கல்யாணமான புதிதில் பிடித்துக் கொடுத்தது. அதை எதிரில் வைத்துக்கொண்டுதான் பிடிக்காரர் மரத்தைச் செதுக்குவார். அந்தப் பிடிக்காரர் வேறு யாரும் இல்லை, அண்ணியின் கூடப்பிறந்த தம்பி. இதோ, ஒன்றும் தெரியாதவர் போல டீ ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இவர்தான்.

நொட்டை அண்ணனுக்குச் சீட்டு எழுதுகிற வியாதி வீட்டிலும் விடவில்லை. குடை வாங்கினால் குடைக்குச் சீட்டு. வாளி வாங்கினால் வாளிக்குச் சீட்டு. தேதி போட்டு, பழைய சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதி, கம்பியில் குத்தி வைப்பார். ஒருமுறை பக்கத்து வீட்டு மாப்பிள்ளைக்கே சீட்டு எழுதிவிட்டார் என்று சொல்வார்கள். “மூடி இறுக்கம், உள்ளே சரக்கு குறைவு.”

இந்தச் சின்னக் கத்தி வருவதற்கு ஒரு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிந்த சமயம், அண்ணி ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து நீட்டினார். “என்னங்க, இந்த மூடி திறக்கவே மாட்டேங்குது.” அண்ணன் வாங்கினார், ஒரே திருகில் திறந்தார், மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “திருகுப் புரி சரியா வெட்டல. செஞ்சவனுக்குப் பொறுப்பு இல்ல” என்று சீட்டு எழுதினார். அடுத்து வாசல் பூட்டு. சாவி திரும்பவில்லை என்றார் அண்ணி. அண்ணன் எண்ணெய் விட்டார். பிறகு பூட்டை மாற்றினார். அதுவும் சரியில்லை என்று இன்னொன்று மாற்றினார். அந்தத் தெருவில் திருடன் வந்தால், இந்த வாரம் எந்தப் பூட்டு என்று கேட்டுவிட்டுத்தான் வரவேண்டும். சட்டைப் பொத்தான் நுழையவில்லை என்றபோது, அலமாரியில் இருந்த அத்தனை துணியிலும் பொத்தான் துளையை ஒரு நூல் அகலம் கீறி விட்டார். ஊசிக்காது சின்னதாகிவிட்டது என்றார் அண்ணி. “எல்லாம் இப்ப மிஷின்ல அடிக்கிறாங்க, அப்படித்தான் இருக்கும்” என்றார் அண்ணன்.

அவர் பொய் சொல்லவில்லை. நம்பினார். இருபத்திரண்டு வருஷம் பொருளைப் பார்த்தே பழகிய கண். ஒன்று சரியாக வேலை செய்யவில்லை என்றால் குறை பொருளில் இருக்கும். வேறு எங்கே இருக்கும்?

அப்போதுதான் இந்தக் கத்தி வந்தது.

முதல் மாதிரி எப்படி இருந்தது தெரியுமா? மடக்குக் கத்தி இல்லை, மடங்காத கத்தி. ஆள்காட்டி விரல் நீளம் அலகு. அந்த இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓடும், நடுவில் முறிய இடமே கிடையாது. நாலு விரலுக்குப் பிடி, கருத்த மரம், பிடிக்காரர் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார். உறையைத் தலைகீழாகக் குலுக்கினாலும் விழாது, கட்டைவிரலால் ஒரு தள்ளு தள்ளினால் சொன்ன பேச்சு கேட்கும். நாள் முழுக்க இடுப்பில் வைத்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். அப்படி ஒரு கத்தி நம் பட்டறையில் அதற்கு முன்னால் வந்ததில்லை.

நொட்டை அண்ணன் அதைப் படுத்தாத பாடு இல்லை. அட்டைப்பெட்டி அறுத்தார். கயிறு அறுத்தார். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் பட்டையை இருநூறு தடவை அறுத்துவிட்டு, அதே முனையால் விரலில் ஏறிய சிராயை எடுத்தார். எலுமிச்சைச் சாறு தடவிக் கழுவாமல் வைத்து, துரு ஏறுகிறதா என்று பார்த்தார். சோப்புக் கையால் பிடித்தார், இடது கையால் பிடித்தார், கண்ணை மூடிக்கொண்டு உறையில் போட்டார். குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து உறையின் முனை தொடையில் குத்துகிறதா என்று பார்த்தார். அப்புறம் நின்றார், குனிந்தார், மாடிப்படி ஏறினார். ஐந்து நாள். ஒரு குறை கிடைக்கவில்லை. மனுஷனுக்குக் காய்ச்சலே வந்துவிட்டது.

ஆறாம் நாள் காலை சமையல்கட்டில் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், கத்தி தரைவிரிப்பில் குத்தி நிற்கிறது, அண்ணியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி. பலகையில் பாதி தக்காளி.

“என்ன ஆச்சு?”

“நழுவிருச்சுங்க.”

“கை ஈரமா?”

“தொடச்சிட்டுத்தான் எடுத்தேன்.”

நொட்டை அண்ணனின் முகம் மலர்ந்தது. ஐந்து நாளாகத் தேடிய குறை கிடைத்துவிட்டதே! “பிடி வழுக்குது” என்று விசில் அடித்துக்கொண்டே சீட்டு எழுதினார். இந்த விசிலை நான் இழுக்கவில்லை. அவரே பின்னால் சொன்னது. “அன்னிக்கு நான் விசில் அடிச்சேன்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சீட்டைப் பார்த்ததும் பிடிக்காரருக்குக் கோபம். “மாமா, நாலு நாள் தேச்ச பிடி அது. வழுக்குதா?”

“உங்க அக்கா கை சொல்லுது மாப்ளே. நானா சொல்றேன்?”

பளபளப்பைச் சுரண்டி, குறுக்குக் கோடு போட்டு இரண்டாவது பிடி செய்தார். பத்தாம் நாள் விழுந்தது. “பிடி மெல்லிசு” என்று சீட்டு வந்தது. மூன்றாவது தடித்த பிடி, தோல் சுற்றியது. மூன்றாம் நாளே விழுந்தது. “கனம் பின்னால் இழுக்குது.” இங்கே யார் எடுத்தாலும் கையில் ஒட்டிக்கொண்டது. சாணைக்காரர் அதை எடுத்து ஒரு பூசணிக்காயையே செதுக்கிப் பார்த்துவிட்டு, “இதுல குறை சொல்றவனுக்குக் கண்ணுல குறை” என்றார். முதலாளி சீட்டை மீற மாட்டார். சட்டம் அவர் வைத்தது.

பிடிக்காரருக்குப் பொறுக்கவில்லை. லீவு நாள் பார்த்து, அண்ணியின் மண்பிடியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, நியாயம் கேட்க அக்கா வீட்டுக்குப் போனார்.

“அக்கா, இங்க வா. இது உன் கைதானே? இதைப் பாத்துத்தானே பிடி போடுறேன்? ஒரு நூல் பிசகியிருந்தா என்னைச் செருப்பால அடி.”

“இப்பவே அடிக்கட்டா, பிசகினப்புறம் அடிக்கட்டா?” என்று சிரித்துக்கொண்டே அண்ணி வந்து உட்கார்ந்தார். தம்பி மண்பிடியை அவர் கையில் வைத்தார்.

சுட்ட மண்ணில் விரல் பதிந்த பள்ளங்கள் இருக்கும், பார்த்திருக்கிறீர்கள். கட்டைவிரலின் அடியில் இருக்கிற சதை அழுந்திய இடத்தில் ஒரு பெரிய குழி. கை சரியாக இருந்தால் குழியில் சதை நிரம்பி உட்காரும். அன்றைக்கு நிரம்பவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சந்து. அந்தச் சந்து வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரிந்தது.

பிடிக்காரர் அக்காவின் கையைத் திருப்பினார். புறங்கையில் எலும்புக்கு எலும்பு நடுவே பள்ளம். நாள் முழுக்கக் கையைப் பார்த்தே பிழைக்கிறவர் அவர். வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“மாமா,” என்றார். “குறை பிடியில இல்ல.”

நொட்டை அண்ணன் எட்டிப் பார்த்தார். பார்த்தார் என்றுதான் சொல்ல வேண்டும். “மண்ணு விரிஞ்சிருக்கும்” என்றார்.

“சுட்ட மண்ணு எப்படி மாமா விரியும்?”

“இத்தன வருஷம் ஆச்சுல்ல? விரிஞ்சிருக்கும். சரியா சுட்டிருக்க மாட்டீங்க. உலை சூடு பத்தியிருக்காது.”

“மாமா.”

“மண்ணு மாப்ளே. மண்ணைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

அண்ணி மண்பிடியை மேஜைமேல் வைத்தார். இரண்டு கையாலும் பிடித்துத்தான் வைத்தார்.

அப்புறம் ஆஸ்பத்திரி. நரம்பு டாக்டர் அண்ணியின் கையைத் தட்டினார், காலைத் தட்டினார், நாக்கை நீட்டச் சொன்னார். எப்போதிருந்து இப்படி என்று கேட்டார். அண்ணிக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. “அவரு எழுதி வச்சிருப்பாரு டாக்டர்” என்றார்.

நொட்டை அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சீட்டுக் கம்பியை அப்படியே கொண்டுவந்தார். டாக்டர் கம்பியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி மேஜைமேல் தேதி வரிசையில் வைத்தார். மூடி. பூட்டு, மூன்று தடவை. பொத்தான். ஊசி. கத்தி, கத்தி, கத்தி. அண்ணன் அந்த வரிசையைப் பார்த்தார். எல்லாம் அவர் கையெழுத்து. ஒரு நோய் படிப்படியாக ஏறியதை ஒரு நாள் விடாமல் எழுதி வைத்தவர் அவர்தான். அது நோய் என்று தெரியாமல் எழுதியவரும் அவர்தான்.

“இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிக் கொண்டுவந்ததில்லீங்க” என்றார் டாக்டர். பாராட்டாகத்தான் சொன்னார்.

தசையை ஆட்டிவைக்கிற நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகிற நோய். கையில் தொடங்கியிருக்கிறது, கையோடு நிற்காது. நிறுத்த மருந்து இல்லை. கொஞ்சம் மெதுவாக்க ஒன்று இருக்கிறது.

அண்ணி வெளியே போனபிறகு அண்ணன் கேட்டார்: “அந்த மூடி திறக்காத அன்னிக்கே கூட்டிட்டு வந்திருந்தா?”

“குணமாக்கியிருக்க முடியாது. கொஞ்சம் மெதுவாக்கியிருக்கலாம். கொஞ்சந்தான்.”

“கொஞ்சம்னா எவ்வளவு டாக்டர்?”

டாக்டர் சீட்டுகளைத் திரும்பக் கம்பியில் குத்திக் கொடுத்தார். ஒரு நூல் கூடக் குறைச்சலைக் கண்ணாலேயே அளக்கிற மனுஷன், அந்த ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று இன்றைக்கும் அளந்துகொண்டிருக்கிறார்.

அடுத்த வாரம் யாரும் சொல்லாமலே பிடிக்காரர் நாலாவது மாதிரியை எடுத்தார். உலைக்காரரிடம் போய் அலகின் அடியில் ஆள்காட்டி விரல் நுழைகிற மாதிரி வளையம் வைத்து அடிக்கச் சொன்னார். பிடியைத் தடியாக, சொரசொரப்பாக, அடியில் ஒரு கொம்பு மாதிரி வளைத்துவிட்டார். அதுதான் இப்போது உங்கள் கையில் இருக்கிற கத்தி. முதலாளி பார்த்தார். “விதிப்படி நாப்பது நாள்” என்றார்.

நாற்பது நாள் ஆயிற்று. நொட்டை அண்ணன் சீட்டுக் கொடுக்கவில்லை. அலகு எழுதியிருந்தார், உறை எழுதியிருந்தார், முதல் கை ‘சரி’ என்றுகூட எழுதியிருந்தார். இரண்டாம் கை வரி வெள்ளையாக இருந்தது. நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று நாள் ஓடியது. உலை காத்துக்கிடந்தது. பிடிக்காரர் கேட்டதற்கு, “இன்னும் ஒரு மாதிரி செஞ்சு பாக்கலாம் மாப்ளே. பிடியை இன்னும் கொஞ்சம் மாத்தினா சரியாயிரும்” என்றார்.

அவர் மனசு பிடிக்காரருக்குப் புரிந்தது. குறை கத்தியில் இருக்கிறவரை, கத்தியை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ‘சரி’ என்று எழுதிவிட்டால், அதற்குமேல் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை.

நாற்பத்தாறாம் நாள் காலையில் அண்ணி ஜன்னல் பக்கம் மேஜையில் உட்கார்ந்திருந்தார். நடப்பதற்கே அப்போது சுவரைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“என்னங்க, அந்தக் கத்தியைக் கொண்டாங்க.”

“எதுக்கு?”

“தக்காளி நறுக்க. கத்தியை எதுக்குக் கேப்பாங்க, காது குடையவா?”

கொண்டுவந்தார். வளையத்தில் விரலை நுழைத்துவிட வேண்டியிருந்தது, நுழைத்துவிட்டார். அண்ணி நறுக்கினார். முதல் துண்டு தடிமனாக வந்தது. இரண்டாவது கோணலாக வந்தது. மூன்றாவதில் அலகு பாதி இறங்கும்போது கை தானாகத் திறந்துகொண்டது. நொட்டை அண்ணன் பாய்ந்து கீழே கையை ஏந்தினார்.

கத்தி விழவில்லை. வளையத்தில், விரலில் தொங்கி ஆடியது. அலகின் முனை பலகையில் ‘டிக் டிக்’ என்று தட்டியது.

அண்ணி சிரித்தார். “பாத்தீங்களா, விழல.”

“கை விட்டிருச்சே.”

“கை விட்டிருச்சு. கத்தி விடல. சீட்டுல எதைப் பத்திக் கேட்டிருக்கு? கத்தியைப் பத்தியா, என் கையைப் பத்தியா?”

அவர் இன்னும் கீழே ஏந்திய கையை எடுக்கவில்லை.

“நாற்காலியில இருந்து நாத்தனார் வரைக்கும் எல்லாத்துலயும் குறை சொன்னீங்க. என்கிட்ட மட்டும் ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப கண்ணு முன்னால இருக்கு, பாக்க மாட்டேங்கிறீங்க. ஒரு தடவ பாத்துருங்க. அப்புறம் எழுதிருங்க. பாவம், அந்தக் கத்தியை இன்னும் எத்தன நாள் திட்டுவீங்க? அது என்ன பண்ணுச்சு?”

நொட்டை அண்ணன் அண்ணியின் கையிலிருந்து வளையத்தைக் கழற்றினார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையை எடுத்தார். கத்தி பார்க்கிற மாதிரியே பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, ஒவ்வொரு விரலாக நீவி, பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து எவ்வளவு ஆழம் என்று பார்த்தார். ரொம்ப நேரம். அண்ணி அசையாமல் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பிறகு பேனாவை எடுத்து, இரண்டாம் கை வரியில் எழுதினார்: ‘கத்தி சரி.’

“படிச்சுக் காட்டுங்க” என்றார் அண்ணி. அண்ணனால் படிக்க முடியவில்லை. அண்ணியே சீட்டைத் தன் பக்கம் இழுத்து, முழங்கையால் அழுத்தி வைத்துக்கொண்டு படித்தார். “எழுத்து கோணல்” என்றார். அந்த வீட்டில் அண்ணி சொன்ன ஒரே நொட்டை அதுதான்.

உலை பற்றவைத்தோம். கத்தி போகாத இடம் இல்லை. கடலுக்கு அடியில் மீன்கூட வாங்குகிறது என்கிறார்கள். விரல் மடங்காதவர்கள், நடுக்கம் உள்ளவர்கள், ஒரு கை போனவர்கள் என்று எங்கெங்கிருந்தோ கடுதாசி வருகிறது, கையில் நிற்கிற கத்தி இது ஒன்றுதான் என்று. முதலாளி அவற்றை நொட்டை அண்ணனிடம் கொடுப்பார். அவர் படித்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுப்பார்.

அண்ணிக்கு முதலில் கை போனது, அப்புறம் கால், அப்புறம் பேச்சு. அடுத்த மழைக்காலத்தில் மூச்சு. கடைசி மாதங்களில் அவருக்கு ஊட்டுகிற கரண்டியின் காம்பை அண்ணன் தினமும் வளைத்து வளைத்துப் பார்ப்பார், வாய்க்கு எந்தக் கோணம் தோது என்று. அந்தக் கரண்டிக்கு மட்டும் சீட்டு எழுதவில்லை.

இப்போது புது மாதிரி வந்தால் இரண்டாம் கை வரியையும் அவரே எழுதுகிறார். நீங்கள் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். கத்தியை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போய், கட்டைவிரலை உள்ளங்கையில் மடக்கிக்கொண்டு, மீதி விரலை மட்டும் கொடுத்துத் தூக்கிப் பார்ப்பார். அது கிறுக்கு இல்லை. அது அண்ணியின் கை. அந்த மூடிச் சீட்டு, முதல் சீட்டு, அவர் சட்டைப் பையில் இருக்கிறது. சட்டை மாற்றும்போது சீட்டையும் மாற்றி வைப்பார். அஞ்சு வருஷமாக.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். முடிய விட்டார்களா?

கூட உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த பெட்டி கட்டுகிற அக்கா, நொட்டை அண்ணன் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர், மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டார்: “மூடிச் சீட்டு எப்ப எழுதினாருன்னு சொன்னீங்க?”

“மழை முடிஞ்சப்ப” என்றேன்.

“அந்த மழைக்கு முன்னாடியே அவங்க என்கிட்ட பாட்டில் கொண்டாருவாங்களே. மூணு மாசம் இருக்கும். தினமும் நான்தான் திறந்து குடுப்பேன். ‘அவருகிட்ட சொல்லிராத, உடனே பாட்டிலோட சண்டைக்குப் போயிருவாரு’ன்னு சிரிப்பாங்க. ஒரு நாள் சிரிக்கல. ‘கையில என்னமோ ஆகுது. இவரு தாங்க மாட்டாரு’ன்னாங்க.”

இந்த இடத்தை யாரும் இழுக்கவில்லை. இதுவரை யாருக்கும் தெரியாத இடம் இது.

சாணைக்காரர்தான் முதலில் வெடித்தார். “ஏம்மா, இதை இப்பத்தான் சொல்றியா? அந்த மனுஷன் தன்னாலதான்னு தினம் தினம் செத்துக்கிட்டு இருக்காரு. அவங்களுக்கே தெரியும், அவங்கதான் மறைச்சாங்கன்னு தெரிஞ்சா அந்தச் சீட்டைக் கிழிச்சுப் போட்டிருப்பாருல்ல?”

“அவங்க சொல்லாதேன்னாங்க!”

“அவங்க போயே அஞ்சு வருஷம் ஆச்சு!”

“யாரும் சொல்லக் கூடாது.” பிடிக்காரர் டம்ளரைத் தரையில் வைத்த வேகத்தில் டீ தெறித்தது. “சொன்னா என்ன ஆகும்? எங்கக்கா அவரை நம்பலன்னு ஆயிரும். இத்தன வருஷம் கூட இருந்தவ, எதிர்வீட்டுல சொன்னதை அவருகிட்ட சொல்லலன்னு ஆயிரும். அதுக்குத் தப்பு தன்மேல இருக்கறதே பரவால்லன்னு இருப்பாரு.”

“அப்ப அவரு பாட்டுக்கு வெந்து சாகட்டுமா?”

“எங்க குடும்ப விஷயத்துல நீ யாருய்யா?”

“அந்தக் கத்தியைச் சாணை பிடிச்சவன்யா நான்!”

“நான் இன்னிக்கே சொல்லிருவேன்” என்று எழுந்த அக்கா, என்ன நினைத்தாரோ, தட்டிலிருந்த சின்ன மண்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டார். வெளியே நொட்டை அண்ணன் சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. யாரும் குரலைக் குறைக்கவில்லை.

“சொல்லு, சொல்லித்தான் பாரேன்!” என்று பிடிக்காரர் பாய்ந்தார். “முதல்ல அதைக் கீழ வை!”

“வைக்க மாட்டேன், போய்யா!”

“ஏய், விழுந்துரும். ரெண்டு கையால பிடி, ரெண்டு கையால பிடி!”